நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும்: தேர்ச்சக்கரம் முதல் லோயர் கேம்ப் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் பாடம் இது. மதுரையைச் சுற்றி இருக்கும் கிணற்று மோட்டார், கண்மாய் மடை, கொடைக்கானல் இறக்கம், தேரோட்டம் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சூத்திரம்தான். நிலை ஆற்றல் = நிறை × 9.8 × உயரம். இயக்க ஆற்றல் = பாதி × நிறை × வேகம் × வேகம். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்றும் போட்டால் விடை ஜூலில் வரும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் இப்படிப் போட்டவைதான். காகிதத்தில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஆற்றல், திறன், விசை, சக்தி எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான், கணக்கில் இல்லை. தள்ளுவதும் இழுப்பதும் விசை. அதன் அலகு நியூட்டன். அந்த விசை ஒரு பொருளை நகர்த்தினால் வேலை நடக்கிறது. வேலை செய்யக் கையில் உள்ள இருப்புதான் ஆற்றல். வேலைக்கும் ஆற்றலுக்கும் அலகு ஜூல். நடுத்தர எலுமிச்சம்பழம் இரண்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல். அந்த வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பது திறன். அதன் அலகு வாட். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்.

மோட்டார்மேல் எழுதியிருக்கும் ஹெச்.பி. திறனைச் சொல்கிறது, கரண்ட் பில்லில் வரும் யூனிட் ஆற்றலைச் சொல்கிறது. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் 'சின்ன மோட்டார் போட்டால் பில் குறையும்' என்று பலர் நம்புகிறார்கள். அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் மாறாது. சின்ன மோட்டார் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். பில்லைக் கூட்டுவதும் குறைப்பதும் மோட்டாரின் அளவைவிட அதன் விரயம்தான்.

நிலை ஆற்றலுக்கு உயரத்தை எங்கிருந்து அளப்பது?

எங்கிருந்து வேண்டுமானாலும் அளக்கலாம். ஆனால் ஒரு கணக்கு முடியும்வரை ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிணற்றடித் தரையில் வைத்த வாளிக்குத் தரை மட்டத்திலிருந்து பார்த்தால் நிலை ஆற்றல் பூஜ்யம். கிணற்றுத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் நிறைய. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே, எதிர்க்குறியில். மூன்றும் சரி. வேலை செய்வது மட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே.

உயரம் என்றால் செங்குத்து உயரம். அழகர்மலைப் பாதை எத்தனை கிலோமீட்டர் வளைந்து போகிறது என்பது இந்தக் கணக்கில் வராது.

வண்டி வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றலும் இருமடங்குதானே?

நான்கு மடங்கு. பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் (நொடிக்கு 11.1 மீட்டர்) இயக்க ஆற்றல் சுமார் 11,000 ஜூல். 80இல் 44,000 ஜூல்.

இந்த எண்கள் மனதில் தைக்க வேண்டுமானால் வேகத்தை உயரமாக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் மோதுவதும் 6.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. அது இரண்டாவது மாடி. 60 என்றால் 14 மீட்டர். 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. இதில் நிறைக்கு வேலையே இல்லை. சூத்திரத்தின் இரண்டு பக்கத்திலும் நிறை இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் அதே உயரம்தான். எட்டு மாடி விளிம்பில் நிற்கும் கவனத்தோடுதான் 80இல் ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும்.

தென்னையிலிருந்து விழும் தேங்காய் எவ்வளவு பலமாக அடிக்கும்?

இப்படிக் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். எந்தத் தரையில் விழுகிறது என்றும் சொல்ல வேண்டும்.

மட்டையோடு 1.5 கிலோ தேங்காய், மரம் 15 மீட்டர். உச்சியில் அதன் நிலை ஆற்றல் 1.5 × 9.8 × 15, அதாவது சுமார் 220 ஜூல். காம்பு விட்ட நொடியிலிருந்து உயரம் குறையக் குறைய வேகம் கூடும்; இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் 220ஐ விட்டு நகராது. 7.5 மீட்டரில் 110 நிலையாற்றல், 110 இயக்க ஆற்றல். தரையைத் தொடும்போது முழுவதும் இயக்க ஆற்றலாகி மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கீழே வர எடுக்கும் நேரம் 1.75 நொடி. சத்தம் கேட்டு விலக அவகாசம் இல்லை.

இந்த 220 ஜூல் எவ்வளவு தூரத்தில் தீர்கிறது என்பதைப் பொறுத்ததுதான் அடி. சிமென்ட் தரையில் மட்டை 2 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் சராசரி விசை 220 ÷ 0.02 = 11,000 நியூட்டன்; ஒரு டன்னுக்கு மேல் எடை ஏறி நிற்பதற்குச் சமம். உழுத மண்ணில் 10 சென்டிமீட்டர் புதைந்து நின்றால் 2,200 நியூட்டன், ஐந்தில் ஒரு பங்கு. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார்க்கழிவைப் பரப்புவதற்குக் காரணம் இதுதான். தூக்கி எறியப்படும் வீரரின் ஆற்றலை அது குறைப்பதில்லை. அந்த ஆற்றல் தீரும் தூரத்தைக் கூட்டுகிறது.

தேர் அவ்வளவு மெதுவாகத்தானே வருகிறது? நிறுத்துவது ஏன் அவ்வளவு கஷ்டம்?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோகும்.

50 டன் தேர் ஒன்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 6,250 ஜூல்தான். மேலே சொன்ன பைக் 40 கிலோமீட்டரில் வைத்திருப்பதில் ஏறக்குறைய பாதி! ஆற்றல் குறைவுதான், நிறுத்தக் கிடைக்கும் தூரம் அதைவிடக் குறைவு. வடம் இழுக்க உதவும், பிடித்து நிறுத்த உதவாது. கயிற்றால் தள்ள முடியாதே. 10 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் 62,500 நியூட்டன் விசை வேண்டும். ஆறு டன் எடையைத் தாங்கும் விசை.

அதைக் கொடுப்பது கட்டை போடுபவர்கள் கையில் இருக்கும் முட்டுக்கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய அந்தக் கட்டையில் சக்கரம் ஏறும்போது தேர் ஒரு இம்மி மேலே எழும்புகிறது. எவ்வளவு எழும்பினால் 6,250 ஜூல் முழுவதும் நிலை ஆற்றலாகிவிடும்? கணக்குப் போட்டால் 1.3 சென்டிமீட்டர். முன்சக்கரங்கள் மட்டும் ஏறினால் தேரின் எடைமையம் அதில் ஏறக்குறைய பாதிதான் உயரும், ஆகவே சக்கரம் இரண்டரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். கட்டை நசுங்குவதும் உராய்வும் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் நடைமுறையில் அதற்கும் குறைவாகவே போதும். வேகத்தை உயரமாக மாற்றி நிறுத்தும் கருவி அது. கட்டையை உருவியதும் அந்த உயரம் திரும்ப வேகமாகும். தேர் பின்னால் ஒரு சின்ன ஆட்டம் ஆடுவது அதனால்தான்.

தெரு சரிவாக இருந்தால் நிலைமை வேறு. நூறு அடிக்கு ஓர் அடி இறங்கும் தெருவில் 10 மீட்டர் உருண்டாலே 49,000 ஜூல் புதிதாகச் சேரும், உராய்வு தின்பது போக. ஓடும் தேருக்குப் போட வேண்டிய கட்டையின் உயரமும் அதற்கேற்ப ஏறும். அதனால்தான் இறக்கத்தில் தேரை ஓடவிட்டுப் பிடிப்பதில்லை. அடிக்கு அடி கட்டை கொடுத்து, வேகமே சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வீட்டு போர்வெல்லில் 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை யூனிட் ஆக வேண்டும்?

முதலில் உயரம். மோட்டார் 400 அடியில் தொங்குகிறது என்பதற்காக 400 அடி போடக் கூடாது. குழிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் தூக்குகிறீர்கள். அதற்குக் கீழே மோட்டாருக்கு மேல் உள்ள தண்ணீர் தானே மேலே தள்ளிவிடும். மோட்டார் ஓடும்போது மட்டம் இறங்கும், அந்த இறங்கிய மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டம் 80 மீட்டர், தொட்டி தரைக்கு மேல் 10 மீட்டர் என்றால் மொத்தம் 90. 1,000 × 9.8 × 90 = 8,82,000 ஜூல், அதாவது கால் யூனிட்டுக்கும் ஒரு மயிரிழை குறைவு. இது கடவுளே வந்து இறைத்தாலும் ஆகும் செலவு. வீட்டு சப்மெர்சிபிள் செட்டில் மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் சேர்ந்து கொடுத்த கரண்டில் 35 முதல் 45 சதவீதம்தான் தண்ணீரில் சேரும். எனவே 0.55 முதல் 0.7 யூனிட் வரை நியாயம்.

சோதிப்பது சுலபம். தொட்டி காலியாக இருக்கும்போது வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியதும் மறுபடி எழுதுங்கள். ஒரு யூனிட்டைத் தாண்டினால் எங்கோ ஆற்றல் ஒழுகுகிறது. பெரும்பாலும் இவற்றில் ஒன்று: மணல் அரித்து இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) தேய்ந்திருக்கும், குழிக்குள் தொங்கும் குழாயில் ஓட்டை விழுந்து, ஏற்றிய தண்ணீர் உள்ளேயே திரும்பக் கொட்டும் (ஓடும்போது குழிக்குள் காதைக் கொடுத்தால் சத்தம் கேட்கும்), ஒன்றரை அங்குலம் வேண்டிய இடத்தில் ஓர் அங்குலக் குழாய் போட்டிருப்பார்கள். குழாய் உராய்வு ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால் ஒடுங்கிய குழாயின் விரயம் நினைப்பதைவிட மிக அதிகம்.

மோட்டார் நின்றதும் குழாயில் 'டொக்' என்று அடிக்கிறதே, அது என்ன?

மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர்த் தூணுக்கு இயக்க ஆற்றல் இருக்கிறது. கரண்ட் போனதும் அது சற்றே ஏறி நின்று, நிலை ஆற்றலால் திரும்பக் கீழே பாயும். அந்த நேரத்தில் என்.ஆர்.வி. வால்வு (தண்ணீரை மேலே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) தாமதமாகப் படாரென்று மூடினால் முழுத் தூணும் ஒரே நொடியில் நிற்க வேண்டும். இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் திடீரென நின்றால் 13 கிலோ அளவுக்கு அழுத்தம் கூடும் (சதுர சென்டிமீட்டருக்கு). தொங்கும் குழாயின் மூட்டு விடுவதும் வளைவுகள் தெறிப்பதும் இப்படித்தான். ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. தண்ணீர் திரும்பத் தொடங்குமுன்பே மூடிவிடும். ஆழமான குழியில் நடுவில் இன்னொரு என்.ஆர்.வி. போடுவதும் நல்லது.

சத்தமே இல்லாமல் மோட்டார் பின்பக்கம் சுற்றி நின்றால் என்.ஆர்.வி. பிடிக்கவில்லை என்று பொருள். ஏற்றி வைத்த தூண் முழுவதும் இறங்கிவிட்டது. அடுத்த முறை அதை மறுபடி நிரப்பக் கரண்ட் செலவாகும். பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்ச் போட்டால் தண்டு முறுக்கி உடையலாம்.

கமலையில் மாடுகள் இறக்கத்தில் நடந்து இறைப்பது ஏன்?

இது முன்னோரின் இயற்பியல் என்றே சொல்லலாம். கமலைக்கிணற்றில் மாடுகள் நடக்கும் தடம் கிணற்றிலிருந்து விலகிக் கீழ்நோக்கிச் சரியும். மாடுகள் இறங்க இறங்க வடம் இழுபட்டு, தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும். வால்கயிறு, சாலின் அடியில் உள்ள தோல்குழாயான தும்பியின் வாயைத் தாழ்த்தித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும்.

சாலில் 150 லிட்டர், தூக்கும் உயரம் 10 மீட்டர் என்றால் தேவை 14,700 ஜூல். ஒரு ஜோடி மாடு 700 கிலோ, 10 மீட்டர் நடக்கும்போது இரண்டரை மீட்டர் இறங்குகிறது என்றால் அவை இழக்கும் நிலை ஆற்றல் 17,150 ஜூல். இறங்கும் உடம்பின் எடையே தண்ணீரைத் தூக்கிவிடுகிறது! உருளை உராய்வுக்கும் தோலின் கனத்துக்கும்தான் மாடு கொஞ்சம் முக்க வேண்டியிருக்கும். இனாமாக எதுவும் வரவில்லை. பாரமில்லாமல் திரும்ப மேலே ஏறும்போது அந்த 17,150 ஜூலை மாட்டின் தசை கொடுக்கிறது. தசைக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும் கொடுக்கின்றன. ஒரே மூச்சில் கொடுக்க வேண்டியதை இரண்டு நடையாகப் பங்குபோட்டதில்தான் சூட்சுமம்.

சரிவு அதிகமானால் மாடு திரும்ப ஏறத் திணறும். குறைந்தால் இழுக்கும்போது நுகத்தடி கழுத்தில் புண்ணாக்கும்.

கண்மாய் நிறைந்திருக்கும்போது மடையில் தண்ணீர் ஏன் அப்படிச் சீறுகிறது?

மடை வாய்க்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் அங்கே வேகமாக மாறுகிறது. மேலே 2 மீட்டர் நின்றால் நொடிக்கு 6.3 மீட்டர் வேகம். அரை மீட்டர் நின்றால் 3.1 மீட்டர். உயரம் கால்பங்கானால் வேகம் பாதி. கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதற்கு வாய்க்கால் அடைப்பைப் போலவே இதுவும் காரணம்.

கண்மாயின் மிகுநீர் வழியும் கலுங்கின் கீழ்ப்புறம் முரட்டுக் கல் பாவியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று மீட்டர் விழும் தண்ணீர் 7.7 மீட்டர் வேகத்தோடு வரும். அந்த இயக்க ஆற்றல் கல்லில் மோதிச் சுழித்து நுரைத்து வெப்பமாகி அடங்க வேண்டும். வீட்டு வேலைக்கு அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனால் ஆற்றல் மண்ணை அறுக்கும். முதலில் பள்ளம், பிறகு கலுங்கின் அஸ்திவாரத்துக்குக் கீழே பொந்து, ஒரு பெருமழையில் கரை. கலுங்குக் கல்லில் கைவைப்பதும் கரையை வெட்டுவதும் ஒன்றுதான்.

பெரியாற்றுத் தண்ணீர்தானே வைகை அணைக்கும் வருகிறது? மின்சாரத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தண்ணீர் ஒன்றுதான், உயரம் வேறு. முல்லைப்பெரியாற்றிலிருந்து சுரங்கவழி வந்து மலையிலிருந்து அடிவார மின்நிலையமான லோயர் கேம்ப்புக்கு இறங்கும் உயரம் ஆயிரம் அடிக்கு மேல். 360 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவோம். நொடிக்கு 100 கன அடி என்பது 2,832 லிட்டர். 2,832 × 9.8 × 360 என்றால் ஏறத்தாழ 10 மெகாவாட். விரயம் போக 9 மெகாவாட் கைக்கு வரும். நாளிதழில் 'லோயர் கேம்ப்பில் இத்தனை கன அடி, இத்தனை மெகாவாட்' என்று வரும் செய்தியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துவரும்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அங்கே உள்ள மின்நிலையம் 6 மெகாவாட்தான். தண்ணீர் விழும் உயரம் 15 மீட்டர் என்று கொண்டால், ஒரு மில்லியன் கன அடித் தண்ணீர் சுமார் 1,000 யூனிட் தரும். அதே ஒரு மில்லியன் கன அடி லோயர் கேம்ப்பில் 25,000 யூனிட் தந்துவிட்டு வந்திருக்கிறது.

பென்னிகுக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. லோயர் கேம்ப் மின்நிலையம் வந்தது 1950களின் இறுதியில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த உயரம் முழுவதும் பாறையில் மோதி, தண்ணீரை முக்கால் டிகிரிக்கு மேல் சூடாக்கிவிட்டுப் போயிற்று. பயிருக்குப் போன தண்ணீரில் ஒரு சொட்டும் குறையவில்லை. மின்நிலையம் தண்ணீரைச் செலவழிப்பதில்லை, உயரத்தைச் செலவழிக்கிறது.

அருவியில் விழும் தண்ணீர் சூடாகுமா? சுருளியில் குளித்தால் நடுங்குகிறதே!

ஆகும், ஆனால் தெரியாது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடாக 4,186 ஜூல் வேண்டும். அதே ஆற்றல் அதை 427 மீட்டர் தூக்கும். சுருளியின் 150 அடிக்குக் கிடைப்பது 0.1 டிகிரி. மேலே காட்டுநிழலில் குளிர்ந்து வந்ததும், திவலைகள் காற்றில் ஆவியாவதும் அதை மறைத்துவிடும். விழும் எடையைக் கொண்டு தண்ணீரைக் கடைந்து, அது எவ்வளவு சூடாகிறது என்று ஜேம்ஸ் ஜூல் 1840களில் அளந்தார். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான்.

மழைத் தண்ணீரை மலைமேல் ஏற்றியது யார்?

சூரியன். அதன் செலவுக் கணக்கு மலைக்க வைப்பது. ஒரு கிலோ கடல்நீரை ஆவியாக்க 24,50,000 ஜூல். அந்த ஆவியை 3,000 மீட்டர் தூக்க 29,400 ஜூல்தான், எண்பதில் ஒரு பங்கு. ஆவி மேகமாகக் குளிரும்போது அந்தப் பெருந்தொகை மறைவெப்பமாகக் காற்றுக்குத் திரும்புகிறது. இடிமேகம் ஆவேசமாக எழும்புவதும், வங்கக்கடல் புயல் நாட்கணக்கில் சுழல்வதும் அதைத் தின்றுதான்.

மிச்சமிருக்கும் 29,400 ஜூலும் மழையாக விழும்போது காற்றின் தடையில் ஏறக்குறைய முழுவதும் கரைந்துபோகிறது. காற்றே இல்லாவிட்டால் துளி மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஓட்டைப் பிளக்கும். காற்று பிடித்து வைப்பதால் 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறேழு மீட்டரில் இறங்குகிறது. ஒரு கிலோ மழைக்கு 21 ஜூல் அளவுதான் மிஞ்சும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் விழுந்த தண்ணீருக்கு மட்டும் இறங்க இன்னும் உயரம் பாக்கி இருக்கிறது. நாம் அணை கட்டிப் பிடிப்பது அந்தப் பாக்கியைத்தான்.

தேனிப் பக்கக் காற்றாலைகள் சில மாதம் சும்மா நிற்கின்றனவே?

காற்றின் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 75 வாட். 10 மீட்டரில் 600 வாட். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அறுவடைக்காலம். காற்றிலுள்ள இயக்க ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையும் எடுக்க முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது.

ஊஞ்சல் கொக்கி எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

உட்காருபவரின் எடையை மட்டும் பார்த்து மாட்டாதீர்கள். ஊஞ்சல் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போதுதான் வேகம் அதிகம், சங்கிலியின் இழுவையும் அப்போதுதான் அதிகம். 60 டிகிரி வரை ஆடினால் எடையைப்போல் இருமடங்கு. சங்கிலி படுக்கைவசமாகும் அளவுக்கு ஆடினால் மும்மடங்கு. 60 கிலோ ஆள் 180 கிலோவாகிவிடுவார். பாதுகாப்புக்கு அதற்கும் மேல் இருமடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். கொக்கி கூரைக் கம்பியோடு கட்டியதாக இருக்க வேண்டும், பிறகு துளைபோட்டுச் செருகியதாக இருக்கக் கூடாது.

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

15 டன் பேருந்து 1,700 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 25 கோடி ஜூல், அதாவது 69 யூனிட். வத்தலக்குண்டு வரும்போது வேகம் கூடியிருக்கக் கூடாது என்றால் அத்தனையும் வெப்பமாக வேண்டும். அந்த வெப்பத்தில் 850 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் பிரேக் டிரம்மிடம் விட்டால் லைனிங் கருகி வழுக்கும். பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்துக் குமிழ் விடும். மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சினே காற்றை அமுக்கி ஆற்றலைத் தின்னட்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் அது ஆறும். நியூட்ரலில் உருட்டுவதும் எஞ்சினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும். கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு, எனவே நடுநடுவே நிறுத்தித்தான் இறங்க வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி நிலை ஆற்றலை பேட்டரிக்கே திருப்பும். ஆனால் கொடைக்கானலில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் பேட்டரியில் இடமில்லை. அந்தப் பிடிப்பு கிடைக்காது. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஆற்றல் அழியாது என்றால் சேமிக்கச் சொல்வது ஏன்?

அழியாது, ஆனால் சிதறும். லோயர் கேம்ப்பின் ஆயிரம் அடி உயரத்தால் டர்பைனைச் சுற்றலாம். அதே ஆற்றல் முக்கால் டிகிரி வெதுவெதுப்பாகத் தண்ணீரில் பரவிவிட்டால் ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது. ஜூல் குறையவில்லை, வேலைக்கு ஆகாத இடத்துக்குப் போய்விட்டது. கூர்மையான நிலையிலேயே பிடித்து வைக்கத்தான் கடம்பாறை போன்ற நிலையங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஏற்ற 100 யூனிட் செலவானால் திரும்ப 75 யூனிட்டுக்குக் கொஞ்சம் முன்பின் வரும்.

விறகு, இட்லி, வெயில் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்குமா?

பெரும்பாலும். விறகிலும் சோற்றிலும் எரிவாயுவிலும் உள்ள வேதி ஆற்றல், மூலக்கூறுகளுக்குள் மின்விசையால் கட்டுண்டு கிடக்கும் நிலை ஆற்றலும் எலக்ட்ரான்களின் இயக்கமும் சேர்ந்தது. வெப்பம் என்பது மூலக்கூறுகளின் தாறுமாறான ஆட்டம். ஒலி, அவை ஒழுங்காக முன்பின் ஆடுவது. கவட்டை ரப்பரில் இருப்பது மீள்தன்மை நிலை ஆற்றல். ஒளி மட்டும் தனி. எந்தப் பொருளும் சுமக்காமல் தானே வெற்றிடத்தைக் கடந்துவரும். கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அதை நேரடியாக மின்சாரமாக்குகிறது. இட்லிக்கு வருவோம். 60 கிலோ ஆள் 100 மீட்டர் மலையேற 58,800 ஜூல், அதாவது உணவுக் கணக்கில் 14 கலோரி (கிலோகலோரி). உடம்பு நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் என்பதால் 56 கலோரி செலவாகும். ஓர் இட்லி.

தேர்வில் மாணவர்கள் எங்கே மதிப்பெண் விடுகிறார்கள்?

மணிக்குக் கிலோமீட்டரை 3.6ஆல் வகுக்காமல் அப்படியே இருமடியாக்குவதுதான் முதலிடம்; விடை 13 மடங்கு வீங்கிவிடும். அடுத்தது கிராமைக் கிலோவாக்க மறப்பது. 'பாதி'யை விட்டுவிடுவது. முழுப் பெருக்கலையும் இருமடியாக்குவது (வேகத்தை மட்டும்தான் இருமடியாக்க வேண்டும்). சாய்தளக் கணக்கில் பலகையின் நீளத்தை உயரமாகப் போடுவது. 5 மீட்டர் பலகை 1 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் உயரம் 1தான்.